கடை வாடகையோடு குழந்தைப் பராமரிப்பு வரியும் கேட்டால்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஒரே கடைதான், கிளை கிடையாது. மாத வாடகை 6,000 டாலர். கட்டடத்தைப் புதிதாக வாங்கியவர், 'வணிக வாடகை வரி' என்று 3.5 சதவீதம், அதாவது மாதம் 210 டாலர் கூடுதலாகக் கேட்கிறார். குழந்தைகளுக்காக ஊர் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த வரி, கட்டித்தான் ஆகவேண்டும் என்கிறார். கட்ட வேண்டுமா? எனக்கு இரண்டரை வயதில் மகள் இருக்கிறாள். கட்டினால் அவளுக்கு டேகேரில் சலுகை உண்டா?

பதில்: இப்போதைக்கு அந்த 210 டாலரைக் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு வரி இருப்பது உண்மை, மக்கள் ஓட்டில் வந்ததும் உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் விவரத்தைப் பார்த்தால், உங்கள் கடை வாடகை அந்த வரிக்குள் வராது.

2018 ஜூன் மாத வாக்கெடுப்பில் 'புரொபசிஷன் சி', அதாவது மக்கள் ஓட்டுக்கு விடப்பட்ட முன்மொழிவு 'சி' என்ற பெயரில் வந்த வரி இது. அதே ஆண்டு நவம்பரில் வீடற்றோருக்காக வந்த இன்னொரு வரிக்கும் 'சி' என்றே பெயர். இணையத்தில் தேடும்போது மாதத்தையும் பாருங்கள், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். உங்களைப் பற்றியது ஜூன் மாதத்து 'சி'. வணிக இடத்தை வாடகைக்கு விட்டு வரும் வருவாயில் 3.5 சதவீதம், கிடங்காக இருந்தால் 1 சதவீதம். 2019 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்த வரியை நகரத்துக்குக் கட்ட வேண்டியவர் வாடகை வாங்குபவர், கொடுப்பவர் அல்ல. நகராட்சி உங்களுக்கு பில் அனுப்பாது. உரிமையாளர் அதை உங்கள் தலையில் வைக்க வேண்டுமானால் குத்தகை ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் வாடகைதாரர் பொறுப்பு என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்களில், 'வாடகை மீதான வரி' என்றோ 'வாடகை வருவாய் மீதான வரி' என்றோ ஒரு சொற்றொடர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 'சொத்து வரி' என்று மட்டும் இருந்தால், இதையும் அதில் சேர்க்க முடியாது என்று வாதிட உங்களுக்கு இடம் இருக்கிறது. ஏனென்றால் இது நிலத்தின் மீதோ கட்டடத்தின் மீதோ போட்ட வரி இல்லை, வாடகை வருவாய் மீது போட்டது.

அப்புறம் முக்கியமான விஷயம், விலக்குகள். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சின்னக் கடைகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கும் சில்லறைக் கடை, சங்கிலித்தொடர் கடையாக இல்லாவிட்டால், அதன் வாடகை வரிக் கணக்கில் சேராது. உலகம் முழுக்கப் பதினோரு கிளைகளுக்கு மேல் ஒரே பெயர், ஒரே தோற்றத்தோடு நடப்பதையே நகரம் சங்கிலித்தொடர் என்கிறது. லாபநோக்கற்ற அமைப்புகள், கலை நிகழ்வு இடங்கள், உற்பத்திப் பட்டறைகள் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. இது போக, உரிமையாளரே சிறு வணிகராக, அதாவது வருவாய் ஒரு வரம்புக்குள் இருப்பவராக இருந்தால் அவருக்கே வரி இல்லை. அந்த வருவாய் வரம்பு 2018-க்குப் பிறகு உயர்த்தப்பட்டிருக்கிறது.

அப்படியானால் 210 டாலர் எங்கிருந்து வந்தது? மேல்மாடியில் ஒரு மென்பொருள் அலுவலகம், பக்கத்தில் பெரிய நிறுவனத்தின் காபிக்கடை, கீழே நீங்கள் என்று வையுங்கள். அலுவலகத்துக்கும் காபிக்கடைக்கும் வரி உண்டு, உங்களுக்கு இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல், எல்லா வாடகைக்கும் ஒரே 3.5 சதவீதம் என்று போட்டுவிடுவது எளிது. சில இடங்களில் கட்டடம் முழுவதற்கும் வந்த வரியைச் சதுர அடிக் கணக்கில் பங்கு போடுவார்கள். அப்போது அலுவலகத்தின் வரியில் ஒரு துண்டை மளிகைக்கடை சுமக்கிறது. இதை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று மட்டும்: உங்கள் விற்பனையில் பெரும்பகுதி உணவகங்களுக்கான மொத்த விற்பனையாக இருந்தால் நிலைமை மாறலாம். அப்போது வரி ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வரியே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதிக்குச் சற்று அதிகமான வாக்குகளில்தான் இது ஜெயித்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று கட்டட உரிமையாளர் சங்கங்களும் வரி எதிர்ப்பு அமைப்புகளும் வழக்குப் போட்டன. கையெழுத்துத் திரட்டி வந்த மக்கள் முன்மொழிவுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவைத்தது. வழக்கு நடந்த காலமெல்லாம் வசூலான பணம் செலவாகாமல் கிடந்தது. அத்தனை நாள் காத்திருந்த குழந்தைகளையும், குறைந்த சம்பளத்தில் அவர்களைப் பார்த்துக்கொண்ட ஆசிரியைகளையும் நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். வரி கட்டுவதற்கும் சலுகைக்கும் சம்பந்தம் இல்லை. வசூலில் 85 சதவீதம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும், அதைச் செய்பவர்களின் சம்பளத்துக்கும் போகிறது. குடும்ப வருமானமும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும்தான் தகுதியைத் தீர்மானிக்கும். ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். இரண்டரை வயதுக் குழந்தை உள்ள நடுத்தரக் குடும்பங்களுக்கும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நகரத்தின் குழந்தைப் பருவத் துறை நடத்தும் 'எர்லி லேர்னிங் எஸ்எஃப்' என்ற இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். வருமானம் எழுதும் இடத்தில் கடையின் மொத்த விற்பனையை எழுதிவிடாதீர்கள், செலவு போகக் கையில் நிற்பதே வருமானம். கடைக்காரர்கள் பலர் இங்கேதான் தவறி, தகுதி இல்லை என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உரிமையாளருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி கேட்கிறார், வரிக் கணக்கில் உங்கள் வாடகையைச் சேர்த்திருக்கிறாரா, சேர்த்திருந்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை வழக்கமான 6,000 டாலரை மட்டும் தவறாமல் தேதிக்குள் கட்டிவிடுங்கள். அவர் நோட்டீஸ் அனுப்பினால் பதில் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.