மறுமலர்ச்சி ஓவியமும் நல்ல சாப்பாடும் ஒரே வாரத்தில் வேண்டுமா? ஃப்ளோரன்ஸிலேயே இருங்கள்

கேள்வி: நானும் மனைவியும் ஒரு வாரம் இத்தாலி போகிறோம். மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும், நன்றாகச் சாப்பிடவும் வேண்டும். மனைவி சைவம். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாமா? எப்படித் திட்டமிடுவது?

மூன்று ஊரையும் ஒரு வாரத்தில் தொட்டுவிட்டு வரலாம், நிதானம் மட்டும் கிடைக்காது. ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் அறையைக் காலி செய்வது, ஸ்டேஷனில் காத்திருப்பது, புது ஊரில் அறை தயாராகும் வரை பெட்டியோடு அலைவது எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு மாற்றமும் முக்கால் நாளை விழுங்கிவிடும். ஏழு நாளும் ஃப்ளோரன்ஸிலேயே தங்குங்கள். நானும் கணவரும் அப்படித்தான் தங்கினோம். நான் சைவம், அவர் எல்லாம் சாப்பிடுவார். அதனால் உங்கள் வீட்டு நிலவரம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஃப்ளோரன்ஸைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வரைந்தவற்றில் பெரும்பகுதி இன்னும் அங்கேயே இருக்கிறது. ஊரை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா 1737-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார். குடும்பம் சேர்த்துவைத்த ஓவியம், சிற்பம், நூல் எதுவும் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. ஆட்சி வேறு வம்சத்துக்குக் கைமாறியபோதும் அந்தச் செல்வம் ஊரிலேயே நின்றது அந்த ஒரு பெண்மணியால்தான். சுவரோவியங்களோ வரைந்த சுவரை விட்டு நகரவே இல்லை. அவற்றைத் தேடி நாம்தான் மடங்களுக்கும் சின்னச் சின்ன தேவாலயங்களுக்கும் நடந்து போக வேண்டும். அந்த நடைதான் விடுமுறை.

திட்டம் ரொம்ப எளிது. நேரம் குறித்து டிக்கெட் வாங்கிய இடம் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் காலையில். அப்புறம் சந்தைப் பக்கம் போய் மதியச் சாப்பாடு. அதன்பின் இரண்டு மணி நேரம் அறையில் ஓய்வு. மாலையில் டிக்கெட் இல்லாத அல்லது சின்ன டிக்கெட் போதுமான ஓர் இடம், ஒரு நடை, இரவுச் சாப்பாடு. இதற்கு மேல் ஒன்றைத் திணித்தாலும் மூன்றாவது நாள் எந்தக் கன்னி மரியாள் எந்தச் சுவரில் இருந்தாள் என்று குழம்ப ஆரம்பித்துவிடும்.

உஃபீட்ஸி ஓவிய அரங்கை முதல் நாளே வைக்காதீர்கள். பயணக் களைப்போடு உள்ளே போனால் கண்ணில் எதுவும் நிற்காது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், கதவு திறக்கும் நேரத்துக்கே டிக்கெட் வாங்குங்கள். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. உள்ளே எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடலாம். சிமாபுவே, டுச்சோ, ஜியோட்டோ மூவரும் வரைந்த பெரிய மரியாள் ஓவியங்கள் ஒரே அறையில் இருக்கின்றன. முதலில் அங்கே பத்து நிமிடம் நில்லுங்கள். ஜியோட்டோவின் மரியாளுக்கு மட்டும் உடைக்கு உள்ளே ஓர் உடம்பு இருக்கிறது, முழங்கால் இருக்கிறது, உட்கார்ந்திருக்கும் கனம் இருக்கிறது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் அந்த ஊர் என்ன செய்யப் போகிறது என்பது அந்த அறையிலேயே தெரிந்துவிடும். பிறகு பியெரோ டெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த உர்பினோ பிரபுவும் மனைவியும், போட்டிச்செல்லியின் ‘வசந்தம்’, ‘வீனஸின் பிறப்பு’, லியனார்டோவின் ‘மங்கள வார்த்தை’ (தேவதூதன் மரியாளிடம் செய்தி சொல்லும் காட்சி), மைக்கேலாஞ்சலோவின் வட்ட ஓவியம். இது போதும். இரண்டரை மணி நேரத்தில் பசியோடு வெளியே வந்துவிடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த இடம் அது அல்ல, சான் மார்க்கோ மடம். கோசிமோ மெடிச்சியின் பணத்தில் மிக்கெலோட்ஸோ புதுப்பித்துக் கட்டியது. 1430-களின் கடைசியிலிருந்து அங்கே துறவியாக இருந்த ஃப்ரா ஆஞ்செலிகோவும் அவருடைய உதவியாளர்களும் நாற்பதுக்கும் மேற்பட்ட துறவியர் அறைகளில் அறைக்கொரு சுவரோவியம் வரைந்தார்கள். மாடிப்படி ஏறித் திரும்பினால் நேர் எதிரே ‘மங்கள வார்த்தை’. தேவதூதனின் சிறகில் மட்டும் வண்ணக் கோடுகள், மற்றபடி வெறும் வளைவுத் தூண்கள், ஒரு சின்னத் தோட்டம், கைகட்டிக் குனிந்த ஒரு பெண். ஒவ்வோர் அறையிலும் ஒரு ஜன்னல், ஓர் ஓவியம், வேறொன்றும் கிடையாது. ஒரு மனிதர் தினமும் கண் விழித்ததும் பார்ப்பதற்காக வரைந்த படம் அது. அதே இடத்தில் நின்று, அதே ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கும் வாய்ப்பு எந்தப் பெரிய அருங்காட்சியகத்திலும் கிடைக்காது. தாழ்வாரத்தின் கோடியில் சவோனரோலா என்ற துறவியின் அறைகள். ஆடம்பரப் பொருட்களைத் தெருவில் குவித்துக் கொளுத்தச் செய்தவர், 1498-இல் ஊர்ச் சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டவர். அவரை எரித்த இடத்தில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறார்கள், சிஞ்ஞோரியா சதுக்கத்தில் பார்க்கலாம்.

உங்கள் கேள்வியில் ஓவியமும் சாப்பாடும் சேர்ந்து வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மடங்களின் சாப்பாட்டுக் கூடச் சுவரில் இயேசுவின் கடைசி இரவு விருந்தை வரைவது அந்த ஊர் வழக்கம். துறவிகள் தாங்கள் சாப்பிடும்போது எதிரே அந்தப் பந்தியையும் பார்ப்பார்கள். சான் மார்க்கோவிலேயே கிர்லாண்டாயோ வரைந்த ஒன்று இருக்கிறது, அதில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குப் பக்கத்தில் ஒரு பூனை நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அதே ஓவியர் 1480-இல் ஓஞ்ஞிசாந்தி மடத்தில் வரைந்ததில் மேசை விரிப்பின் மேல் செர்ரிப் பழங்கள் சிதறிக் கிடக்கும், பின்னால் பழ மரங்கள், பறவைகள். சாந்த் அப்போலோனியா கன்னியர் மடத்தில் 1447-இல் அந்திரேயா தெல் காஸ்தாஞ்ஞோ வரைந்தது வேறு மாதிரி. இறுக்கமான கூடம், யூதாஸ் மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் தனியே, தலைக்கு மேலே பளிங்குப் பலகையில் மின்னல் வெட்டியது போலக் கோடுகள். நூற்றாண்டுக் கணக்கில் கன்னியரைத் தவிர யாரும் பார்க்காத சுவர் அது. இப்போது கட்டணமே இல்லாமல் பார்க்கலாம். நாங்கள் போனபோது கூடத்தில் எங்களையும் காவலரையும் தவிர யாருமில்லை. இந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு நாட்களில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாருங்கள். இத்தகைய இடங்கள் பலவும் மதியத்தோடு மூடிவிடும். எந்தக் கிழமை திறக்கும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கும், முந்தின இரவு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாடு. டஸ்கனி மாநிலத்துச் சமையல் அடிப்படையில் ஏழை விவசாயி வீட்டுச் சமையல். பயறு, கீரை, ரொட்டி, ஆலிவ் எண்ணெய். அதனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அந்த ஊர் ரொட்டியில் உப்புப் போடமாட்டார்கள். முதல் கடியில் சப்பென்று இருக்கும், குழம்பில் தோய்த்ததும் விஷயம் புரியும். நம் வீட்டில் மீந்த சோறு மறுநாள் பழையதாகித் தனி ருசி பெறுவது போல, அவர்கள் காய்ந்த ரொட்டியை வைத்து ஒரு சமையலையே கட்டியிருக்கிறார்கள். ரிபொல்லீத்தா என்பது வெள்ளைப் பயறு, கருங்கீரை, ரொட்டி போட்டு மறுபடி கொதிக்கவைத்த கெட்டி சூப். பாப்பா அல் பொமொதோரோ தக்காளியும் ரொட்டியும் துளசி இனத்துப் பேசில் இலையும் குழைந்தது. கோடையில் பன்ஸனெல்லா, வெங்காயமும் தக்காளியும் வினிகரும் சேர்த்த ரொட்டிக் கலவை. செப்டம்பரில் போனால் கருந்திராட்சை வைத்துச் சுட்ட ஸ்கியாச்சாத்தா என்ற தட்டை ரொட்டியைத் தவறவிடாதீர்கள். நவம்பரில் புது எண்ணெய் வரும். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அந்தப் பச்சை எண்ணெயை ஊற்றித் தருவார்கள், தொண்டையில் லேசாகக் காறும்.

இங்கே ஒரு தகவல். தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில். போட்டிச்செல்லி வீனஸை வரைந்துகொண்டிருந்தபோது அந்த ஊரில் யாரும் தக்காளியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நம் மிளகாயும் அதே நூற்றாண்டில், அதே கண்டத்திலிருந்து வந்ததுதான்.

உங்கள் மனைவிக்குச் சில எச்சரிக்கைகள். ரிபொல்லீத்தாவுக்குச் சில கடைகளில் இறைச்சி வேகவைத்த நீரைச் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். ‘க்ரொஸ்தீனி’ என்று பொதுவாகச் சொன்னால் கோழி ஈரல் தடவிய ரொட்டி வந்து நிற்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றுப் பொருளைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். அது ஒத்துவராது என்றால் பாஸ்தாவின் மேல் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனக்குத் தினமும் கைகொடுத்தது பயறும் செம்பருத்தி நிறத் தக்காளிச் சாறும் சேஜ் இலையும் சேர்ந்த ஃபஜோலி, அப்புறம் கீரையும் ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் சேர்த்து உருட்டிய ஞூதி.

உங்களுக்கு மாட்டிறைச்சி பழக்கம் என்றால் லம்ப்ரெதொத்தோ சாப்பிடலாம். மாட்டின் நான்காவது வயிற்றை வேகவைத்து, பச்சைச் சட்னியோடு ரொட்டிக்குள் வைத்துத் தெருவண்டியில் விற்பார்கள். என் கணவருக்கு அதுதான் அந்த ஊரின் முதல் ருசி. பிஸ்தெக்கா என்ற பெரிய மாட்டிறைச்சித் துண்டு எடையில் விற்பது, ஒரு கிலோவுக்குக் குறைந்து வராது, உள்ளே சிவப்பாகவே இருக்கும். தனி ஆளுக்கு அது அதிகம், விட்டுவிடுங்கள்.

சாப்பிட எங்கே போவது என்றால் சாந்த் அம்ப்ரோஜோ சந்தை. சான் லொரென்ஸோ பக்கத்துப் பெரிய சந்தைக் கட்டடம் 1874-இல் திறந்தது, இரும்பும் கண்ணாடியுமாக அழகுதான், ஒருமுறை பாருங்கள். ஆனால் அதன் மாடி சுற்றுலாக் கூட்டத்துக்கானது. சாந்த் அம்ப்ரோஜோவில் அக்கம்பக்கத்தார் காய் வாங்குகிறார்கள். அந்தப் பேட்டையிலேயே அடுப்படி உள்ள ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தால் இரண்டு இரவு வீட்டிலேயே சமைக்கலாம். உணவகங்களில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, இரவு ஏழரைக்கு மேல். நடுவில் பசித்தால் ஜெலாத்தோ, அதாவது அந்த ஊர் ஐஸ்கிரீம். மலை போலக் குவித்து, பளீரென்ற நிறத்தில் வைத்திருக்கும் கடைகளைத் தாண்டிப் போங்கள். பிஸ்தா மங்கலான பழுப்புப் பச்சையாக இருந்தால் நம்பி வாங்கலாம். காபியைக் கவுன்டரில் நின்றே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை ஏறும். சாப்பாட்டுப் பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்ற மேசைக் கட்டணமாக ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும், அது அங்கே வழக்கம்.

ஒரு முழு நாளை ஆர்னோ ஆற்றுக்கு அக்கரைக்கு ஒதுக்குங்கள். காலையில் கார்மினே தேவாலயத்தின் பிரான்காச்சி சிற்றாலயம். 1420-களில் மசாச்சோ வரைந்த ஆதாமும் ஏவாளும் தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள். ஏவாள் வாய்விட்டு அழுகிறாள், ஆதாம் முகத்தை மூடிக்கொள்கிறான். அதை வரைந்தவர் இருபத்தேழு வயது வாக்கில் இறந்துபோனார். இளம் மைக்கேலாஞ்சலோ இங்கே வந்துதான் வரைந்து பழகினார். முன்பதிவு தேவை, உள்ளே தருவது கொஞ்ச நேரமே. பிறகு சாந்தோ ஸ்பிரித்தோ சதுக்கத்தில் சாப்பாடு. திரும்பும் வழியில் போந்தே வெக்கியோ என்ற பழைய பாலத்துக்குப் பக்கத்திலுள்ள சாந்தா ஃபெலிச்சித்தாவில் பொந்தோர்மோவின் சிலுவையிறக்க ஓவியம். ரோஜாவும் நீலமுமாக எடையே இல்லாத உடல்கள். இதுபோன்ற ஆலயங்களில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், பையில் சில்லறை வைத்திருங்கள். அந்தப் பழைய பாலத்தில் முன்பு கசாப்புக் கடைகள்தான் இருந்தன. நாற்றம் தாங்காமல் 1593-இல் ஃபெர்தினாந்தோ மெடிச்சி கசாப்புக்காரர்களை அகற்றிவிட்டுப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார்.

அகாதெமியா அரங்கில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலையைப் பார்க்கத்தான் போவீர்கள், அதைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. 5.17 மீட்டர் உயரம், படத்தில் பார்த்த எதுவும் அந்த அளவுக்கு உங்களைத் தயார் செய்யாது. போகும் வழியில் இரு பக்கமும் நிற்கும் முடிக்கப்படாத அடிமைச் சிற்பங்களுக்கும் நேரம் கொடுங்கள். ஊர்ப் பேராலயத்தின் மேல் புருனெலெஸ்கி கட்டிய குவிமாடத்தில் ஏற 463 படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் அவர் 1419-இல் வடிவமைத்த இன்னொசென்தி அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் போங்கள். மாடியில் துணி காயவைத்த தாழ்வாரம் இப்போது காபிக் கடை, அங்கிருந்து குவிமாடம் நன்றாகத் தெரியும். கீழே அருங்காட்சியகத்தில், பிள்ளையை விட்டுச் சென்ற தாய்மார்கள் அடையாளத்துக்காக வைத்த பாதி நாணயங்கள் சின்னச் சின்ன இழுப்பறைகளில் இருக்கின்றன. நான் அந்த ஊரில் கண்கலங்கிய இடம் அதுதான்.

மற்ற ஏற்பாடுகள்: ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். கார் வாடகைக்கு எடுக்காதீர்கள், நகரத்தின் நடுப்பகுதியில் அனுமதியில்லாத வண்டிகளைக் கேமரா படம் பிடித்து அபராதம் அனுப்பும். தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. ஒருநாள் வெளியே போகத் தோன்றினால் ரயிலில் அரை மணிக்குள் பிராத்தோ. அங்கே பேராலயத்தில் ஃபிலிப்போ லிப்பியின் சுவரோவியங்கள், கடைத்தெருவில் வாதுமை போட்ட மொறுமொறு பிஸ்கட். விசா கையில் வந்ததும் உஃபீட்ஸி, தாவீது, பிரான்காச்சி, குவிமாடம் நான்குக்கும் அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே பதிவு செய்துவிடுங்கள், இடைத்தரகர் தளங்களில் விலை கூடுதல். மீதி எதற்கும் இப்போதே நாள் குறிக்க வேண்டாம்.