பல் அறுத்து எடுக்க எந்த மயக்க ஊசி? காரைக்குடி மயக்க மருத்துவர் பதில்கள்

கானாடுகாத்தான்: அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எலும்புக்குள் புதைந்திருக்கிறது. மிடசோலமா, புரோபோஃபாலா டாக்டர்?

பெரும்பாலும் மிடசோலம்தான் எடுப்பேன். நரம்பில் 1 மில்லிகிராம் மெதுவாக ஏற்றி, 2 நிமிடம் காத்திருப்பேன். வயதானவர்களுக்கு அதிலும் பாதி. பேரன் கல்யாணப் பந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் ஆச்சிக்கு நாக்குக் குழறும், இமை பாதி இறங்கும். அங்கேயே நிறுத்திவிடுவேன். கூப்பிட்டால் கண் திறப்பார். பல் எடுத்தது பலருக்கு ஞாபகமே இருக்காது. இது வலிக்கான ஊசி இல்லை. ஈறில் மரத்துப்போகும் ஊசி கட்டாயம் போடணும். மயக்கம் அதிகமானால் முறிக்க ஃப்ளூமசெனில் உண்டு. அதன் வேகம் சீக்கிரம் அடங்கி மறுபடி கண் செருகலாம். அதனால் உடனே வீட்டுக்கு விடமாட்டேன்.

புரோபோஃபால் பால்போல வெள்ளை. ஏறும்போது கை எரியும். சட்டென்று தூக்கம், சட்டென்று தெளிவு. முறிமருந்து கிடையாது. கொஞ்சம் கூடினாலும் மூச்சு நின்றுவிடலாம்.

தேவகோட்டை: எனக்குப் பிரஷர் உண்டு. கெட்டமின் போடலாமா?

வேண்டாம். பிரஷரை ஏற்றும், எச்சிலும் ஊறும்.

பள்ளத்தூர்: காலையில் காபி மட்டும் குடிக்கலாமா?

கூடாது. பால் கலந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு: 6 மணி நேரம். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம்.

புதுவயல், பல் மருத்துவர்: நானே புரோபோஃபால் ஏற்றி நானே பல் எடுக்கிறேன். இதுவரை ஒன்றும் ஆனதில்லை. விரலில் ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறதே?

உங்கள் கண் பல்லில் இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை யார் பார்ப்பது, டாக்டர்? மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்ற பிறகும் மீட்டர் கொஞ்ச நேரம் 98 காட்டும். அது குறைகிற நேரத்தில் நீங்கள் பிந்திவிட்டீர்கள். வெளிவிடும் கரியமில வாயுவைக் காட்டும் கருவி முன்னாலேயே சொல்லும். அதையும் பார்க்கத் தனியாக ஒருத்தர் வேண்டும்.

அதே மருத்துவர்: சின்ன ஊரில் மயக்க டாக்டருக்கு எங்கே போவது?

கிடைக்காத நாளில் மரத்துப்போகும் ஊசியோடு எடுங்கள். அதற்குப் பயப்படுகிறவர் என்றால் நாளைத் தள்ளிப்போடுங்கள். பல்தானே, ஒரு வாரம் காத்திருக்கும். மூச்சு 4 நிமிடம்கூடக் காத்திருக்காது. தயவுசெய்து தனியாகச் செய்யாதீர்கள்.

கோட்டையூர்: முடிந்ததும் பைக்கில் போகலாமா?

24 மணி நேரம் வண்டி கூடாது. வீட்டு ஆள் கூடவே வரணும்.

கண்டனூர்: ஆயாவுக்கு பால் கொஞ்சம்தான் ஊற்றிக் காபி...

6 மணி நேரம்.