பெயர் வெட்டிய தூக்குவாளி

கேள்வி: நான் சேலத்தில் பிறந்தவள். திருமணமாகி 3 ஆண்டுகளாக மதுரை அனுப்பானடியில் வசிக்கிறேன். மகனுக்கு 14 மாதம் ஆகிறது. அவன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் அந்த இரண்டு நாளும் வெளியாட்கள் யாரும் வீட்டுக்கு வருவது அவருக்குப் பிடிக்காது. கல்லூரித் தோழிகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பகல் முழுவதும் குழந்தையோடு நான் ஒருத்தி மட்டுமே. சில நாட்கள் மாலையில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. யாருக்கும் தொந்தரவு கொடுத்துப் பழக்கமில்லாதவள் நான். மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது எதிர்வீட்டு அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தார். அந்தத் தூக்குவாளி 4 மாதமாக என்னிடமே இருக்கிறது. நல்லதாக ஏதாவது செய்து போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், நேரம் அமையவில்லை. அதில் வெட்டியிருந்ததைப் பார்த்துத்தான் அவர் பெயரே எனக்குத் தெரிந்தது. அவர் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவர். எங்களுக்குள் பேசப் பொதுவாக எதுவும் இல்லை. என்னைப்போல் குழந்தை வளர்க்கும், என் அலைவரிசையில் உள்ள தோழிகளை இந்த ஊரில் எப்படித் தேடிக்கொள்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: தோழிகளைத் தேடும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தத் தூக்குவாளியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகள் எதிரெதிர் வாசலில் கோலம் போட்டிருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் பெயரை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பாத்திரக்கடைக்காரர் வெட்டிக் கொடுத்த எழுத்தைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். இதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான்.

நம் பக்கத்தில் பெயர் வெட்டிய பாத்திரம் என்பது பெரும்பாலும் சீராக வந்ததாகவோ, சீட்டுக் கட்டிச் சேர்த்து வாங்கியதாகவோ இருக்கும். திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைப்பவர் பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்திருப்பார். பெயர் வெட்டியதில் கஞ்சியை ஊற்றி எடுத்துவந்தவர், நீங்கள் அதைக் கொண்டுவருவீர்கள், வரும்போது நான்கு வார்த்தை பேசுவீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். நான்கு மாதமாக அவர் அதைக் கேட்கவும் இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவளிடம் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பது முறையாகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த முறையைக் கடைப்பிடிக்கிற பெண்ணோடு பேசுவதற்குப் பொதுவாக எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள்.

நேரம் அமையவில்லை என்பதை நான் ஏற்கவில்லை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கத்தை நீங்கள் தவறாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பிடி சர்க்கரை போதும், இரண்டு வாழைப்பழம் போதும். உங்களுக்கோ அது போதவில்லை. அவர் கொடுத்த கஞ்சிக்கு ஈடாக, அதைவிட ஒரு படி மேலாக ஏதாவது செய்து, ஒரே தவணையில் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறது. ‘யாருக்கும் தொந்தரவு கொடுத்துப் பழக்கமில்லை’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெருமைதான் நான்கு மாதமாகத் தூக்குவாளியை உங்கள் அடுக்களையில் வைத்திருக்கிறது. யாருக்கும் கடன்படக் கூடாது என்று இருப்பவருக்கு யாரும் உறவாக மாட்டார்கள். உறவு என்பதே தீராத கொடுக்கல் வாங்கல். இன்று கஞ்சி, நாளை வாழைப்பழம், மறுநாள் அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று கணக்கு முடியாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது அலைவரிசை. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பள்ளிப் படிப்பில்லாத விவசாயக் கூலித் தொழிலாளியான அவர், களஞ்சியம் என்ற சிறுசேமிப்புக் குழுக்களில் கிராமத்துப் பெண்களை ஒன்று சேர்த்தார். அவருக்கு டில்லியில் விருது வழங்கிய அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அந்தக் குழுக்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் மனம் ஒத்துப்போகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு உட்காரவில்லை. மாதம் தவறாமல் சிறு தொகையைப் போட்டார்கள், தேவைப்பட்டவளுக்கு அதிலிருந்து கடன் கொடுத்தார்கள். முதலில் வந்தது கடமை. பேச்சும் நெருக்கமும் அந்தக் கடமையோடு சேர்ந்து வளர்ந்தன. நான் சிம்மக்கல் பக்கம் ஆறு குடும்பங்களுக்கு ஒரே குழாய் இருந்த காம்பவுண்டு வீட்டில் வளர்ந்தவள். காலையில் குடத்தை முன்னே வைத்ததற்காகச் சண்டை போட்ட பெண், மாலையில் சண்டை போட்டவளின் பிள்ளையையே இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்குள் அலைவரிசை ஒத்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் வளர்ந்தோம்.

சென்னைத் தோழி தொலைபேசியில் உங்கள் அழுகையைக் கேட்கலாம். நீங்கள் குளித்து வரும் பத்து நிமிடம் குழந்தையைப் பிடித்துக்கொள்ள அவரால் முடியாது. பிள்ளை வளர்ப்பவளுக்கு முதலில் வேண்டியது கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு ஆள். பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பி, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கொண்டுவந்து விடும் வழக்கத்தை நம் பெரியவர்கள் ஏற்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் கொண்டுவந்து விட்ட வீட்டில் மாமியார், நாத்தனார், அண்டை வீட்டார் என்று பத்துப் பேர் இருந்தார்கள். இப்போது பூட்டிய கதவுக்குள் ஒருத்தியையும் ஒரு குழந்தையையும் கொண்டுவந்து விடுகிறோம். இதில் உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அந்தக் கதவை உள்ளிருந்து தாழிட்டிருப்பது நீங்கள்.

நீங்கள் மட்டும் அல்ல, உங்கள் கணவரும்தான். மனைவியையும் கைக்குழந்தையையும் ஒரு தெருவை நம்பி விட்டுவிட்டு ஓசூர் போகிற ஆண், அந்தத் தெருவில் உள்ளவர்களைக் கும்பிட்டுப் பேசிப் பழகியிருக்க வேண்டும். நள்ளிரவில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் ஆட்டோ பிடித்துத் தரப்போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களை வெளியாட்கள் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. இதைப் படித்துக் காட்டுங்கள், கோபப்பட்டால் படட்டும்.

அந்த மாலை நேரத்து அழுகையைப் பற்றி ஒன்று. அது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போனாலோ, அது தோழியால் தீரக்கூடியது அல்ல, மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட தோழிகள். உங்கள் மகனுக்கு 16 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை போட நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவீர்கள். அங்கே வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளின் தாய்மார்கள், அவர்களிடம் பேசுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இட்லி மாவு விற்கிறவர் என்று ஒதுக்கி எழுதினீர்கள். மாலை ஐந்து மணிக்கு அந்த வாசலில் பாத்திரத்தோடு நிற்பவர்கள் யார் என்று ஒருநாளாவது பார்த்தீர்களா? எந்த வீட்டில் எத்தனை மாதக் குழந்தை இருக்கிறது, யாருக்குத் துணையில்லை, யார் உங்களைப்போலவே வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் ஊரெல்லாம் தேட நினைக்கிற பெண்கள் தினமும் உங்கள் எதிர்வாசலுக்கு வந்துபோகிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை தூக்குவாளியைத் துலக்கி, கடையில் வாங்கிய வாழைப்பழம் இரண்டைப் போட்டு, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு போங்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்லாதீர்கள், மன்னிக்கும்படி மட்டும் கேளுங்கள். பிறகு, பழக்கமில்லாத அந்தத் தொந்தரவை ஒருமுறை கொடுங்கள்: “அக்கா, நாளைக்கு ரேஷன் கடைக்குப் போகணும், அரை மணி நேரம் இவனைப் பார்த்துக்கிறீங்களா?” அவர் தூக்குவாளியை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையைக் குழந்தைக்கு நீட்டி, “உள்ளே வாம்மா” என்பார். அவன் தூங்கும் நேரம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.