வாளித் தண்ணீர், பெட்ரோல் கேன், தொலைபேசி மேசை: வாசகர் கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தில் தீயணைப்புப் படையில் இருந்த பெண்களைப் பற்றி, சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்டவை.

“பெண்கள் நிஜமாகவே தீயை அணைத்தார்களா, டீ போட்டுக் கொடுத்தார்களா? எங்கள் வகுப்பில் இதுதான் வாக்குவாதம்.” (மாணவி, அஸ்தம்பட்டி)

குழாயைப் பிடித்துக்கொண்டு பெருந்தீக்குள் போகும் வேலையைப் பெண்களுக்குத் தரவில்லை. 1938-இல் துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்தவர்கள் தொலைபேசி எடுத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோனார்கள். டீயும் கொடுத்தார்கள். விடிய விடிய நனைந்து நிற்கிறவனுக்கு அது சின்ன உதவி இல்லை. 1941 ஆகஸ்டில் ஊருக்கொன்றாக இருந்த படைகள் தேசியத் தீயணைப்புப் படையாக ஒன்று சேர்ந்தன. 1943-இல் அதில் முழுநேரப் பெண்கள் மட்டும் 30,000-க்கு மேல். போரின் தொடக்கத்தில் ஆணுக்கு வாரச் சம்பளம் 3 பவுண்டு, பெண்ணுக்கு 2. ஆபத்தில் அப்படி ஒரு பங்கு குறைவு இருக்கவில்லை. 1941 ஏப்ரல் 20 அதிகாலை, கிழக்கு லண்டனின் பாப்லரில் தீயணைப்பு நிலையமாகப் பயன்பட்ட ஒரு பள்ளி மேல் குண்டு விழுந்து படையினர் 34 பேர் இறந்தார்கள். அதில் இருவர் பெண்கள்.

தீப்பிடிக்க வைக்கவென்றே ஜெர்மன் விமானங்கள் போட்ட தீக்குண்டு வீட்டுக் கூரையில் விழுந்தால், அதை அணைத்ததில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

“தீக்குண்டு மக்னீசியம் என்கிறார்கள். நம் ஊர் வெள்ளைக்கல்லும் மக்னீசியம்தானே? அது சூளையிலேயே எரியாதே! வாளித் தண்ணீரால் அந்தக் குண்டை எப்படி அணைத்தார்கள்?” (சூரமங்கலம்)

வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். சுட்டால் மக்னீசியம் ஆக்சைடு ஆகும். ஆக்சிஜனோடு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பொருள் மறுபடி எரியாது. கடும் சூட்டிலும் உருகாது. அதனால்தான் உலைக்குள் அடுக்கும் செங்கல்லை அதில் செய்கிறோம். குண்டின் உறை மக்னீசியம் உலோகக் கலவை. ஆக்சிஜன் கிடைத்தால் வெண்ணொளியோடு எரியும். மொத்த எடை சுமார் 1 கிலோ. உள்ளே இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்த தெர்மைட். அது முதலில் பற்றி உறையையும் பற்றவைக்கும்.

இதற்கு ‘ஸ்டிரப் பம்பு’ வைத்திருந்தார்கள். பம்பின் உருளை வாளிக்குள் நிற்கும். வாளிக்கு வெளியே தரையில் ஒரு மிதிகட்டை. அதைக் காலால் அழுத்திக்கொண்டு கைப்பிடியை மேலும் கீழும் அடிக்க வேண்டும். குழாய் 30 அடி. முனையில் உள்ள குமிழை அழுத்தினால் பீய்ச்சும் தண்ணீர் தூவலாக மாறும். பீய்ச்சினால் 30 அடி போகும், தூவினால் 15 அடி.

வேலைக்கு மூன்று பேர். முனையைப் பிடிப்பவர் தரையோடு தவழ்ந்து போவார். புகை மேலே நிற்கும், மூச்சு விடக்கூடிய காற்று தரையை ஒட்டித்தான். இரண்டாமவர் பம்பு அடிப்பார். மூன்றாமவர் தண்ணீர் சுமப்பார். இந்த மூன்றாவது ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும்: பீய்ச்சும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 லிட்டர் போகிறது, வாளியில் இருப்பது 9 லிட்டர். ஒன்றேகால் நிமிடத்தில் வாளி காலி.

தவறு பெரும்பாலும் அவசரத்தில்தான் நடக்கும். எரியும் மக்னீசியத்தில் நேராகப் பீய்ச்சினால் ஹைட்ரஜன் உண்டாகி உலோகம் வெடித்துச் சிதறும். அதனால் சுற்றியுள்ள மரத்துக்குப் பீய்ச்சல், குண்டுக்குத் தூவல் என்பது அன்றைய பாடம். தூவலில் குண்டு வேகமாக எரிந்து தீரும். தண்ணீர் இல்லாத இடத்தில் மணல். மணல் குண்டை அணைக்காது. மூடி, அடக்கி வைக்கும். பிறகு அடியில் மணல் பரப்பிய வாளியில் நீளக் கைப்பிடி அகப்பையால் அள்ளி வெளியே கொண்டுபோகலாம்.

“பெட்ரோல் லாரி ஓட்டிய பெண் ஒருவருக்குப் பதக்கம் தந்தார்களாமே?” (அம்மாபேட்டை)

ஜில்லியன் டேனர். 1940-இல் லண்டனின் பெர்மண்ட்சியில் ஆறு இடங்களில் பெருந்தீ. மூன்று மணி நேரம் குண்டுவீச்சுக்கு நடுவே 150 கேலன், அதாவது சுமார் 680 லிட்டர் பெட்ரோலைக் கேன்களில் ஏற்றித் தீக்குத் தீ ஓட்டிச் சென்று எஞ்சின் பம்புகளுக்கு நிரப்பினார். வீரச் செயலுக்கான ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. பம்பு எஞ்சின் பெட்ரோல் தீர்ந்து நின்றால் குழாய் அப்படியே தொய்ந்துவிடும்; ஏணி உச்சியில் அதைப் பிடித்து நிற்பவருக்கு அந்த நொடியிலிருந்து எந்தக் காப்பும் இல்லை. இதைத் துணை வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“தொலைபேசி மேசையில் அப்படி என்ன கஷ்டம்?” (செவ்வாய்பேட்டை)

அழைப்பு வந்த நேரம், இடம், அனுப்பிய வண்டி, நிலையத்தில் மிச்சம் இருப்பது எல்லாம் அந்த நிமிடமே பதிவேட்டில் ஏற வேண்டும். களத்திலிருந்து ‘இன்னும் ஐந்து பம்பு வண்டி’ என்று செய்தி வந்தால், எந்த நிலையத்தைக் காலியாக்கி அனுப்புவது என்று கணக்குப் போட வேண்டும். குண்டில் தொலைபேசிக் கம்பி அறுந்தால் மோட்டார் சைக்கிள்தான். பெரிய சிக்கல் முகவரி. ஒரே பெயரில் லண்டனில் பல தெருக்கள். நம் ஊரிலும் மாரியம்மன் கோயில் தெரு ஒன்றா இரண்டா? 101-க்கு அழைத்தால் பேட்டையின் பெயரை முதலில் சொல்லுங்கள், பிறகு தெரு, பிறகு பக்கத்தில் உள்ள பெரிய அடையாளம். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

“தமிழ்நாட்டில் பெண் தீயணைப்பு அதிகாரிகள் எப்போது வந்தார்கள்?” (ஓமலூர்)

2003-இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும். பிரியா 2012 ஜனவரியில் சென்னை எழிலகத் தீயில் காயமடைந்தவர்.

“காப்பித் தோட்டத்தில் போர்டோ கலவை (சுண்ணாம்பும் மயில்துத்தமும் சேர்த்த பூஞ்சை மருந்து) அடிக்கும் கைப்பம்பு இருக்கிறது. ஒருவர் அடிக்க, ஒருவர் முனை பிடிக்க, ஒருவர் கலவை ஊற்றுவோம். காட்டுத் தீக்கு உதவுமா?” (ஏற்காடு)

நீங்கள் சொல்வது ஸ்டிரப் பம்புக் குழுவேதான். ஆனால் மரமேறிய தீக்கோ, காற்றடிக்கும்போது மேட்டை நோக்கி ஏறும் தீக்கோ உதவாது. தீ கடந்துபோன பிறகு சில்வர் ஓக் சருகுக்கு அடியில் புகையும் கங்குகளை நனைக்க நல்லது. சருகைக் கவையால் கிளறிவிட்டுத் தூவுங்கள். மேலே மட்டும் நனைத்தால் அடியில் இருக்கும் கங்கு காற்றில் மறுபடி பிடிக்கும். மாசி பிறப்பதற்குள் பம்பைக் கழுவுங்கள். சுண்ணாம்பும் மயில்துத்தமும் காய்ந்து வடிகட்டியிலும் முனையிலும் அடைத்திருக்கும். முனையைக் கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அடித்துப் பாருங்கள். வனத்துறைக்கும் 101-க்கும் சொல்லிவிட்டுத்தான் பம்பைத் தூக்க வேண்டும்.