திரையும் மேடையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'டொக்டர் ஜெகில் அன்ட் மிஸ்டர் ஹைட்' (1931) படத்தில், நல்லவரான டொக்டர் ஜெகில் கொடியவனான ஹைட்டாக மாறும்போது, நடிகர் பிரெட்ரிக் மார்ச்சின் முகம் கண்முன்னாலேயே கறுத்துக் கோடு விழுகிறதே, எப்படி? எங்கள் பாடசாலை நாடகத்தில் செய்யலாமா?
– மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: வெள்ளைத்தாளில் சிவப்புப் பேனையால் எழுதி, சிவப்புக் கண்ணாடித்தாளுக்கூடாகப் பாருங்கள், எழுத்து மறைந்துவிடும். பச்சைத்தாளுக்கூடாகப் பார்த்தால் கறுப்பாக எழும். சூட்சுமம் அவ்வளவுதான். மார்ச்சின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பால் வரைந்தார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் லென்சுக்கு முன்னால் நிற பில்டரை மெல்ல நகர்த்தினார். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நிறம் மாறியது யாருக்கும் தெரியவில்லை. 1925இல் 'பென்ஹர்' படத்தில் இதையே தலைகீழாகச் செய்து தொழுநோயைக் குணமாக்கிக் காட்டியவர் அவர். ஹைட்டின் பல்லும் மயிரும் மட்டும் ஒளியால் வராதவை; ஒப்பனையை மாற்றித் தனியே எடுத்து இணைத்தார்கள்.

மேடையில் பில்டருக்குப் பதிலாக விளக்கை மாற்றுங்கள். நிறம் மாறும் எல்.ஈ.டி. லைற் இரண்டு போதும். சிவப்பில் தொடங்கி, 8 – 10 செக்கனில் அதைக் குறைத்தபடி பச்சையையும் நீலத்தையும் ஏற்றுங்கள். சபைக்கு நிறமாற்றம் தெரியும் என்பதால் கதையில் அந்த நேரம் பொழுது படட்டும். செம்மாலை இருளாவதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

கோடு வரையப் பளிச்சென்ற சிவப்பு லிப்ஸ்ரிக் நல்லது. மறூன் சரிவராது, சிவப்பு ஒளியிலேயே காட்டிக்கொடுக்கும். குங்குமம் வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கும். எங்கள் மண்ணிறத் தோல் பச்சை ஒளியில் தானும் இருண்டுபோவதால் கோடு எடுபடாது. கூத்துக்குப் பூசுவதுபோல முதலில் வெளிறிய பூச்சுப் போடுங்கள். மண்டபத்தில் ஒரு ரியூப் லைற் எரிந்தாலும் கோடு ஆரம்பத்திலேயே அம்பலம். பின்னால் சிவப்புத் திரை தொங்கினால் அதுவும் சேர்ந்து கறுத்துவிடும். போனில் படம்பிடிப்பதானால் எக்ஸ்போசரைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் போன் தானே வெளிச்சத்தைச் சரிசெய்து வித்தையைக் கெடுக்கும்.

கேள்வி: ஜெகில் – ஹைட் பாத்திரத்துக்காக மார்ச் பெற்ற சிறந்த நடிகர் ஒஸ்காரை இருவருக்குக் கொடுத்தது ஏன்?
– வாசகர், மாங்குளம்

பதில்: மார்ச்சுக்கு, போட்டியிலிருந்த நடிகர் வாலஸ் பீரியைவிட ஒரே ஒரு வாக்குத்தான் கூட. அவ்வளவு சிறிய வித்தியாசத்தைச் சமன் என்றே அன்றைய விதி கொண்டது.

கேள்வி: மார்ச் மேடையை விட்டுத்தான் சினிமாவுக்குப் போனாரா?
– ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: விடவேயில்லை. வங்கி வேலையை விட்டு மேடையேறியவர், 1929 முதல் படங்களில் நடித்தார். 1946இல் வந்த 'த பெஸ்ட் இயர்ஸ் ஒவ் அவர் லைவ்ஸ்' இரண்டாவது ஒஸ்காரைக் கொடுத்தது. 1947இல் அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1957இல் யூஜின் ஓ'நீலின் 'லோங் டேய்ஸ் ஜேர்னி இன்டு நைட்' நாடகத்துக்காக மறுபடி டோனி. அதில் அவர் கிழத் தகப்பனாக நடித்தார்; அவருக்கு மனைவியாக நடித்தவர் உண்மை மனைவி புளோரன்ஸ் எல்ட்ரிஜ். ஹைட்டைவிட அந்தக் கிழத் தகப்பன் பாத்திரமே கடினம் என்பேன்; அங்கே பில்டர் கைகொடுக்காது.