எளிய தமிழ் பைபிள் வாங்கிக் கொடுத்தால் தப்பா?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: வீட்டில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு கல்லூரியில் படிக்கிற மகளுக்குப் புரியவில்லை. எளிய தமிழில் வந்திருப்பதை வாங்கலாம் என்றால் சபைப் பெரியவர்கள் அது வேதமே இல்லை என்கிறார்கள். அதோடு, எந்தத் தமிழில் இருந்தால் என்ன, அவ்வளவு பழைய புத்தகம் வீடு, வேலை, கடன் என்று ஓடுகிற இன்றைய வாழ்க்கைக்கு என்ன சொல்லிவிடப் போகிறது என்று மகளே கேட்கிறாள்.

தாராளமாக வாங்கிக் கொடுங்கள். நான் மதுரைக்காரி, சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் பழைய மொழிபெயர்ப்பில்தான் வசனம் மனப்பாடம் செய்தேன், இன்றைக்கும் அதை விடவில்லை. ஆனால் வேதம் விளங்கினால்தான் அது நம்மைக் கேள்வி கேட்கும். விளங்காமல் வைத்துக் கும்பிடுகிற வரைக்கும் அது நம் பணப்பெட்டிப் பக்கம் வரவே வராது.

அது வேதமே இல்லை என்பவர்கள் கையில் வைத்திருப்பதும் ஒரு காலத்தில் புதுசாக வந்ததுதான். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். அதே நூற்றாண்டிலேயே பப்ரிசியஸ் ஐயர் அது போதாது என்று மறுபடி மொழிபெயர்த்தார். அப்புறம் பாளையங்கோட்டையில் இரேனியஸ் ஐயர், அதற்குப் பின் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் உட்கார்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு, அப்புறம் ஹென்றி பவர் ஐயரை முன்வைத்துப் பல சபையாரும் சேர்ந்து செய்து 1871-இல் முழுதாக வந்தது. இந்தக் கடைசியைத்தான் நாம் 'பழையது' என்கிறோம். அது வந்த பிறகும் லுத்தரன் சபையார் பப்ரிசியஸ் ஐயருடையதே போதும் என்று நெடுங்காலம் இருந்தார்கள். ஆக, உங்கள் சபையில் நடக்கிற பேச்சு நூற்றைம்பது வருஷத்துப் பேச்சு. இன்னும் பின்னால் போனால், புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டதே புலவர்களின் பண்டைய கிரேக்கத்தில் இல்லை, சந்தையிலும் துறைமுகத்திலும் ஜனங்கள் பேசிய பொதுக் கிரேக்கத்தில்தான்.

பெரியவர்களிடம் வாதம் செய்ய வேண்டி வந்தால் வரலாறெல்லாம் வேண்டாம், பழைய ஏற்பாட்டில் நெகேமியா புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். எருசலேமில் தண்ணீர்வாசலுக்கு முன்னால் ஆணும் பெண்ணுமாக ஜனங்கள் கூடி நிற்கிறார்கள், வேதம் கற்ற எஸ்றா காலையிலிருந்து மத்தியானம்வரை மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார், ஆலய ஊழியம் செய்கிற லேவியர்கள் கூட்டத்துக்குள் நின்று, 'அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்'. இது பழைய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிற வார்த்தைதான். விளங்கியதும் ஜனங்கள் அழுகிறார்கள். அழ வேண்டாம், போய் நன்றாகச் சாப்பிடுங்கள், ஒன்றும் இல்லாதவன் வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லப்படுகிறது. வேதம் விளங்கின அன்றைக்கே சோறு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது உங்கள் மகள் கேட்டதற்கு வருகிறேன். அதற்கும் பதில் அதே புத்தகத்தில் மூன்று அதிகாரம் முன்னால் இருக்கிறது.

செல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்தான் வாசிப்பேன். வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சரளமாக வாசிக்க வராது, அதனால் கேட்டால் புரிகிற மாதிரி எளிய மொழிபெயர்ப்பையே எடுப்பேன். ஒருநாள் நெகேமியா ஐந்தாம் அதிகாரம். பஞ்சம். ஜனங்கள் தானியத்துக்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைக்கிறார்கள், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள், கடைசியில் பிள்ளைகளை அடிமையாக விடுகிறார்கள். கடன் கொடுத்தவனும் அதே ஊர்க்காரன், அதே ஜனம். அங்கே ஆளுநராக இருந்த நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது, ஆனால் அதிகாரி மாதிரி மேலே நின்று திட்டுவதோடு விடவில்லை. நானும் என் சகோதரரும் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். வாங்கின நூற்றில் ஒரு பங்கையும் வயலையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அந்த நூற்றில் ஒன்று என்பதை மாத வட்டி என்றுதான் விளக்கவுரையாளர்கள் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒரு ரூபாய் வட்டி.

எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். விடியற்காலை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி எடுத்து, கட்டி, தெருமுனையில் விற்பவர். முதலுக்குக் காலையில் தொள்ளாயிரம் வாங்கினால் சாயங்காலம் ஆயிரமாகத் திருப்பித் தரவேண்டும், அதுவும் முகூர்த்த நாளில் பூ விலை ஏறிவிட்டால் அந்த நூறு ரூபாய்தான் அவருடைய மொத்த லாபமே. அவர் கேட்டார்: "ஏந்தாயி, ஒரு ரூவா வட்டிக்கா அந்தாளு அம்புட்டுக் கோவப்பட்டாரு? அப்ப நான் குடுக்குறது என்ன வட்டி?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் மார்க்கெட்டில் காலை ஐந்து மணிக்குச் சட்டமா வந்து முதல் கொடுக்கும்? அடுத்த வாரம் ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது, வீட்டுச் சொந்தக்கார அக்கா பேச்சோடு பேச்சாக ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு முடிந்ததைப் போட்டு அவருக்கு வட்டியில்லாத கைமாற்றாகக் கொடுத்தோம். அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அந்தப் பணம் இப்போது இட்லிக் கடை போடுகிற இன்னொருவரிடம் இருக்கிறது.

அதே அதிகாரத்தை நான் பழைய மொழிபெயர்ப்பிலும் கேட்டிருக்கிறேன், கேட்டு ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறோம். புது வருஷத்து நடுராத்திரி ஆராதனையில் ஆளுக்கொரு வசனமாக நாம் ஆசையாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் இந்த அதிகாரம் வருவதில்லை. நீதிமொழிகளில் ஜாமீன் கையெழுத்தைப் பற்றி இருப்பதும் வராது. செலுத்த ஒன்றும் இல்லாதபோது நீ படுத்திருக்கிற படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவானே என்று 22-ஆம் அதிகாரத்தில் கேட்கிறது. மச்சானுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டீஸ் வாங்கின எத்தனையோ பேர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வேலை செய்தவன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19 சொல்கிறது, சனிக்கிழமைக் கூலியைத் திங்கட்கிழமை வா என்று சொல்கிற மேஸ்திரிகளும் முதலாளிகளும் ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இந்த இடங்களைக் காட்டுங்கள், பழைய புத்தகமா இல்லையா என்று அவளே சொல்லட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய மொழிபெயர்ப்பைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். அந்தப் பூக்காரப் பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் 91-ஆம் சங்கீதம் முழுக்கக் காதால் கேட்டே மனப்பாடம், 'உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்' என்று அவர் தொடங்கினால் அந்த ஓசைக்கு ஈடாக எளிய மொழிபெயர்ப்பில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும் துக்க வீட்டிலும் வாயில் வருவது அதுதான், வரட்டும். எளிய மொழிபெயர்ப்பு கதைக்கும் சட்டத்துக்கும் சபைகளுக்கு எழுதின கடிதங்களான நிருபங்களுக்கும் அருமையாக இருக்கும், பாட்டை மட்டும் விளக்கி விளக்கி நீட்டிவிடும்.

எதை வாங்குவது என்றால், 1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு நல்ல தமிழ், ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை இருக்கிறது, கல்லூரிப் பிள்ளைக்கு அதுவே என் முதல் சிபாரிசு. நமக்குப் பழகிய 'கர்த்தர்' அதில் 'ஆண்டவர்' என்று வரும், ரெண்டு நாளில் பழகிவிடும். அதைவிடச் சுலபமாக வேண்டுமென்றால் பைபிள் ஆப்பிலேயே எளிதில் வாசிக்கிற பதிப்பு இலவசமாக இருக்கிறது, வாங்குமுன் அதில் ஒரு வாரம் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதியாகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள், அதனால் முதலில் மாற்கு சுவிசேஷம், பதினாறே அதிகாரம். அப்புறம் யாக்கோபு நிருபம், ஐந்தே அதிகாரம், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். அதற்கப்புறம் நெகேமியா. முடிந்தால் தனியாக விடாமல் குடும்ப ஜெபத்தில் அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், புரியாத இடத்தில் பழையதை நீங்கள் வாசியுங்கள்.