நாலு முறை அளந்தால் கலர் சரியாகுமா?

கேள்வி: போட்டோ பிரிண்டருக்கு ப்ரொஃபைல் (கலரைச் சரியாக அச்சிட வைக்கும் கோப்பு) போட ஸ்பெக்ட்ரோ (கலர் அளக்கும் கருவி) வாங்கியிருக்கிறேன். சார்ட்டை (கலர் கட்டங்கள் அச்சடித்த தாளை) எத்தனை முறை அளக்க வேண்டும்? – கும்பகோணம் ஸ்டுடியோக்காரர்

இரண்டு முறை அளந்து ஒப்பிடுங்கள். ஒரே கட்டத்தின் இரண்டு அளவுக்கும் இடையே டெல்டா ஈ (கலர் வித்தியாசத்தின் அளவு) 0.5-ஐத் தாண்டவில்லை என்றால் அந்தத் தாளை மேலும் அளக்க வேண்டாம். கறுப்பை ஒட்டிய கட்டங்கள் மட்டும் ஆடினால் நாலு முறை அளந்து சராசரி எடுக்கலாம். தற்செயல் பிழை பாதியாகும். அதுவும் பாதியாக வேண்டுமென்றால் மொத்தம் 16 முறை அளக்க வேண்டும்.

கேள்வி: ‘5 முறை அளந்து சராசரி எடுத்தது’ என்று சொல்லி 3,000 ரூபாய்க்கு ப்ரொஃபைல் விற்றார்கள். முகமெல்லாம் சிவப்படிக்கிறது. கேட்டால் பதில் இல்லை. – ஆல்பம் அச்சிடுபவர், ஈரோடு

உங்கள் மேல் தப்பில்லை. இந்த ‘5 முறை’ விளம்பரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே தாளை ஐந்து முறை அளந்தால் குறைவது கருவியின் தடுமாற்றம் மட்டுமே. நாசில் (இங்க் வரும் துளை) அடைத்துக் கோடு விழுந்த தாள், இங்க் உலராத தாள் என்றால் ஐந்து அளவிலும் அதே கோளாறு இருக்கும். வெவ்வேறு நேரத்தில் மூன்று தாள் அச்சடித்து, ஒரு நாள் உலரவிட்டு, மூன்றையும் அளந்து சராசரி எடுப்பதுதான் வேலை. பிரிண்டரின் ஏற்ற இறக்கம் அதில்தான் அடங்கும்.

கருவியே தவறினால் அதுவும் உதவாது. நான் ஒரு பழைய ஸ்பெக்ட்ரோ வாங்கினேன். ஆறு முறை அளந்தேன். ஆறும் அச்சு மாறாமல் ஒத்துப்போயின. நண்பரின் கருவியோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. அளக்கும் முன் கருவியைச் சரிபார்க்க அதனோடு வரும் வெள்ளைத் தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் சீரியல் நம்பர் வேறு, கருவியின் நம்பர் வேறு. விற்றவர் இன்னொரு கருவியின் தகட்டைத் தலையில் கட்டியிருந்தார். பணம் திரும்பவில்லை.

நீங்கள் விடாதீர்கள். எத்தனை தாள் அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், அளவுக் கோப்புகளையும் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். ‘தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்பார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு.

கேள்வி: மலிவாகக் கிடைத்த வேறு இங்க்கை ஊற்றிவிட்டேன். பழைய அளவோடு புதிய அளவைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா?

கூடாது. இங்க் மாறினால் பழைய அளவு செல்லாது. புது சார்ட் அடியுங்கள். ஊற்றுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

கேள்வி: சராசரி எடுக்கத் தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஆர்கில் சிஎம்எஸ் என்ற ப்ரொஃபைல் மென்பொருள் இலவசம், சராசரி எடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.